இரும்புக் கையச்சுப் பொறியும் அச்சுத்தொழிற் சொற்களும்

1. முன்னுரை

தமிழுக்கு அச்சுக்கலை வந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1713இல் தமிழ் அச்சுப்பணி தொடங்கிய தரங்கம்பாடி, 1761இல் புதுச்சேரியில் கைப்பற்றப்பட்டுச் சென்னை வேப்பேரிக்கு வந்து சேர்ந்த அச்சுப்பொறி, அச்சகம் நடத்த உரிமம் பெறவேண்டும் என்னும் கட்டுப்பாட்டை நீக்கிய 1835ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை அவ்வரலாற்றில் தவறாது இடம்பெறுவன. எழுத்துகளை வார்த்தவர் யார், எங்கு வார்த்தனர், முதலில் எந்நூல் வெளிவந்தது என்பனவே அங்கெல்லாம் எழுப்பப்படும் வினாக்கள். எழுத்தின்மேல் தாளை வைத்து அழுத்திய பொறி எத்தகையது, அதனை இயக்கியவர் அதன் உறுப்புகளையும் செயல்களையும் எச்சொற்களால் குறித்தனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன.

இவ்வாறு பொறி மறைந்துபோனதற்கு ஆய்வாளரின் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. தமிழ்ச் சொல்லமைப்பிலும் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. ஐரோப்பிய மொழிகளுட் பல, அச்சுக்கலைக்கு அழுத்தும் பொறியைக்கொண்டு பெயரிட்டன. தமிழோ அழுத்தப்படும் வார்ப்பைக்கொண்டு பெயரிட்டது. இவ்வேறுபாடு 19ஆம் நூற்றாண்டின் இரும்புக் கையச்சுப் பொறியின் வரலாற்றில் எவ்வாறு வெளிப்படுகிறது, மொழிபெயர்ப்பிலும் பதிப்பாய்விலும் அதனால் விளையும் இடர்ப்பாடுகள் யாவை என்பன இங்கு ஆராயப்பெறுகின்றன.

2. மரப்பொறியும் இரும்புப் பொறியும்

சொற்களை ஆராய்வதற்கு முன் பொறியின் செயல்முறையை அறிதல் வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஏறத்தாழ 350 ஆண்டுக் காலம் ஐரோப்பிய அச்சுப்பொறி அடிப்படையில் மாறாமலே இருந்தது. உயரமான மரச்சட்டம், அதன் நடுவில் செங்குத்தான திருகு, திருகின் அடியில் தட்டையான அழுத்துபலகை, திருகைச் சுழற்ற ஒரு நீண்ட கைப்பிடி. இரும்புச் சட்டத்துள் இறுகப் பூட்டப்பட்ட எழுத்துகள் நகரும் மேடையொன்றின்மீது கிடத்தப்பெறும். தொழிலாளர் இருவருள் ஒருவர், தோலால் தைத்த இரு மைப்பந்துகளால் எழுத்தின்மீது மை ஒற்றுவார். மற்றவர், தோல் போர்த்திய மடிப்புச் சட்டத்தில் தாளைப் பொருத்தி, அதனை எழுத்தின்மேல் மடித்து, மேடையை அழுத்துபலகையின் அடிக்கு உருட்டிச் சென்று, கைப்பிடியைத் தம்பக்கம் இழுப்பார்.

மரப்பொறியின் அழுத்துபலகை தாளின் பாதியளவையே மூடியது. மரமும் மனிதத் தோளும் தரக்கூடிய விசை அதற்குமேல் போதவில்லை. ஆகவே ஒரு தாளின் ஒருபக்கத்தை அச்சிட இருமுறை இழுக்கவேண்டியிருந்தது: முதற்பாதிக்கு ஓர் இழுப்பு, மேடையை மேலும் உருட்டியபின் மறுபாதிக்கு மற்றோர் இழுப்பு. இருவர் சேர்ந்து மணிக்கு 250 தாள்களை ஒருபக்கம் அச்சிடுவர் என்பது அத்தொழிலில் வழங்கிய கணக்கு.

1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் ஸ்டான்ஹோப் பிரபு (1753–1816) வார்ப்பிரும்பாலான பொறியை வடிவமைத்தார். அவர் திருகை விலக்கவில்லை. திருகுக்கும் கைப்பிடிக்கும் இடையே நெம்புகோல்களின் தொடரைப் புகுத்தினார். கைப்பிடி நெருங்கிவரும் இறுதிக் கணத்தில் விசை பன்மடங்காகப் பெருகுமாறு அந்நெம்புகோல்கள் அமைந்தன. அதனால் அழுத்துதட்டு தாள் முழுவதையும் மூடும் அளவினதாயிற்று. இரண்டு இழுப்பு ஒன்றாயிற்று. தம் கண்டுபிடிப்புக்கு அவர் தனியுரிமை பெறாமையால் பிறரும் அதனைத் தடையின்றிச் செய்து விற்றனர்.

அடுத்து வந்தோர் திருகையே நீக்கினர். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைமர் 1813ஐ ஒட்டி உருவாக்கிய 'கொலம்பியன்' பொறி நெம்புகோல்களால் மட்டுமே இயங்கியது. அவர் 1817இல் இலண்டனுக்குச் சென்று அங்கு அதனைச் செய்து விற்றார். அதன் உச்சியில் அமர்ந்த இரும்புக் கழுகு வெறும் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. அழுத்துதட்டை மீண்டும் மேலே தூக்கும் எதிர்எடை அது. கைப்பிடியை இழுக்குந்தோறும் கழுகு எழும், விடுக்குந்தோறும் தாழும். 1820ஐ ஒட்டி இலண்டனில் ரிச்சர்ட் விட்டேக்கர் கோப் செய்த 'ஆல்பியன்' பொறியில் அவ்வேலையை உச்சியிலமைந்த சுருள்வில் செய்தது. எடை குறைந்ததும் அமைப்பில் எளியதுமான அப்பொறி நெடுங்காலம் வழக்கில் இருந்தது. வில்லியம் மாரிஸ் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகத்தின் நூல்கள் ஆல்பியன் பொறிகளில் அச்சானவையே. அமெரிக்காவில் சாமுவேல் ரஸ்ட் 1821இலும் 1829இலும் தனியுரிமை பெற்ற 'வாஷிங்டன்' பொறி பரவியது.

இரும்புப் பொறியின் பயன் வேகமே எனக் கருதுவது பொருந்தாது. மை ஒற்றுதல், தாள் வைத்தல், எடுத்தல் ஆகியன முன்போலவே கையால் நிகழ்ந்தமையால் மணிக்கணக்கு பெரிதும் உயரவில்லை. வேகம் வேறிடத்திலிருந்து வந்தது. 1814 நவம்பர் 29 அன்று இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ், கோனிக் வடிவமைத்த நீராவி உருளைப் பொறியில் மணிக்கு ஏறத்தாழ 1,100 தாள் என்னும் அளவில் அச்சாயிற்று. இரும்புக் கையச்சு தந்தவை பரப்பும் சீர்மையும் ஆகும். பெரிய தாளின் நான்கு மூலைகளிலும் ஒரே அழுத்தம் விழுந்தது. சிறிய எழுத்தின் மெல்லிய கோடுகளும் தெளிவாகப் பதிந்தன. தொழிலாளியின் உடல்வருத்தம் குறைந்தது. நீராவியோ பெருந்தொகைப் படிகளோ தேவைப்படாத சிறு அச்சகங்களுக்கு இதுவே உகந்ததாயிற்று. பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, சென்றவிடத்தில் பூட்டிக்கொள்ளவும் முடிந்தது.

தமிழின் பெரிய அகராதிகள் இக்காலப் பகுதியில் அடுத்தடுத்து வெளிவந்தமை கருதத்தக்கது. வேப்பேரியில் ராட்லரின் அகராதி 1834 முதல் 1841 வரை பகுதிகளாக வெளிவந்தது. 58,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பாரால் அச்சிடப்பட்டது. அகராதி என்பது சிறிய எழுத்து, நெருங்கிய வரிகள், நிறைந்த பக்கம் ஆகியவற்றை வேண்டுவது. அழுத்தம் சீராக இல்லையெனில் முதலில் மறைவது தமிழ் எழுத்தின் புள்ளியும் இகர ஈகார விசிறிகளுமே. புள்ளி மறைந்தால் சொல்லே வேறாகும். எனவே எழுத்தைச் சிறிதாக வார்க்கும் திறமும் அச்சிறிய எழுத்தைப் பிழையின்றிப் பதிக்கும் பொறியும் ஒருங்கே வாய்த்த காலத்தில் பேரகராதிகள் தோன்றியமை தற்செயல் அன்று எனக் கொள்ள இடமுண்டு.

3. பொறியிலிருந்து பிறந்த சொற்கள்

ஆங்கிலத்தில் 'பிரஸ்' என்பது இலத்தீன் மொழியின் 'அழுத்து' எனப் பொருள்படும் வினையடியினின்று வந்தது. திராட்சை பிழியும் பொறிக்கு வழங்கிய பெயரே அச்சுப்பொறிக்கும் ஆயிற்று. அச்சுப்பொறியின் திருகும் அங்கிருந்து பெறப்பட்டதெனவே பொதுவாகக் கொள்வர். பின்னர் அப்பெயர் படிப்படியாக விரிந்தது: பொறி, பொறி உள்ள இடம், அங்கு அச்சாகும் செய்தித்தாள், செய்தித்தாளுக்கு எழுதுவோர். ஜெர்மானியத்தில் அச்சுக்கு வழங்கும் 'துருக்' என்பதற்கும் அழுத்தம் என்பதே பொருள்.

பொறியின் பெயர் மட்டுமன்றி, அதனை இயக்கும் கையின் செயலும் சொல்லாயிற்று. பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எத்தனை படிகள் அச்சானது என்பதைக் குறிக்கும் சொல் 'திராழ்'. 'இழுத்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். இத்தாலியத்தில் 'திராத்தூரா', ஸ்பானியத்தில் 'திராதா' ஆகியனவும் அவ்வடியினவே. ஆங்கிலத்தில் மெய்ப்பு எடுப்பதை 'இழுத்தல்' எனப் பொருள்படும் வினையாலேயே குறிப்பர். கைப்பிடியை இழுக்கும் தோளின் அசைவு இச்சொற்களுள் படிந்து கிடக்கிறது. மின்விசையால் இயங்கும் சுழலுருளைகளில் இன்று செய்தித்தாள் அச்சாகிறது. அங்கு இழுப்பவர் எவரும் இலர். ஆயினும் பிரெஞ்சுச் செய்தித்தாளின் விற்பனைப் பெருக்கம் இன்றும் 'இழுப்பு' என்றே அளக்கப்படுகிறது.

பொறி மாறியபின்னும் சொல் நிலைப்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பால்சாக்கின் நாவல் ஒன்று சான்றாகும். 1837 முதல் 1843 வரை வெளிவந்ததும் 'தொலைந்த மாயைகள்' எனத் தமிழாக்கத்தக்க தலைப்பினதுமான அந்நாவல், கதை நிகழும் காலத்தில் சிறு நகரத்து அச்சகங்களுக்கு ஸ்டான்ஹோப் பொறி வந்து சேரவில்லை என்னும் செய்தியுடன் தொடங்குகிறது. நூல் அச்சாவதை 'பொறியை முனகச் செய்தல்' எனக் கூறும் பிரெஞ்சு மரபுத்தொடர் மரப்பொறியின் ஒலியிலிருந்து பிறந்தது என்றும், இரும்பு வந்தபின் அத்தொடருக்குப் பொருத்தமில்லாமற் போயிற்று என்றும் ஆசிரியர் அங்கே குறிப்பிடுகிறார். பொறியை இயக்குவோரைக் 'கரடி' என்றும் எழுத்துக் கோப்போரைக் 'குரங்கு' என்றும் அழைத்த அச்சகக் குழூஉக்குறியையும் அவர் விளக்குகிறார். மைப்பலகைக்கும் பொறிக்கும் இடையே ஓயாது சென்று மீளும் நடையால் கரடி. அறைகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கும் கைகளின் துடிப்பால் குரங்கு. தன் தந்தை காலத்து மொழி எப்பொறியினால் உண்டாயிற்று என்பதை ஒரு நாவலாசிரியர் இவ்வாறு பதிவுசெய்துள்ளமை மொழியியலாளர்க்குக் கிடைத்த நற்பேறு.

எல்லா மொழிகளும் பொறியையே பற்றிப் பெயரிடவில்லை. இத்தாலியத்தின் 'ஸ்தாம்பா' முத்திரை குத்துதலையும், ரஷ்யத்தின் 'பெச்சாத்' முத்திரையையும் அடிப்படையாகக் கொண்டவை. அரபியில் அச்சகத்தைக் குறிக்கும் 'மத்பஆ' முத்திரையிடுதல் எனப் பொருள்படும் வேரினது. சீனத்தின் 'யின்' என்பதும் முத்திரையே. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'சாப்', 'முத்ரண்' ஆகியனவும் குத்துதல், முத்திரை என்பவற்றைச் சார்ந்தவை. ஆகவே அழுத்தும் பொறி, முத்திரை என இரு பெயரீட்டு நெறிகள் உலகமொழிகளிற் காணப்படுகின்றன. தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகள் மூன்றாவதொரு நெறியைக் காட்டுகின்றன.

4. அச்சு: வார்ப்பின் பெயர்

'அச்சு' என்பது தமிழில் பழைய சொல். உருவம் பெறுவதற்கான கருவி என்பது அதன் மையப்பொருள். வெல்லப்பாகை ஊற்றி வார்ப்பது அச்சுவெல்லம். மாவைப் பிழிந்து வடிவம் தருவது முறுக்கு அச்சு. தறியில் இழைகளை ஒழுங்குபடுத்துவதும் அச்சே. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் 'அச்சு' ஒரு நாணயத்தின் பெயராகவும் வருகிறது. ஒருவர் தம் தந்தையைப் போலவே இருந்தால் 'அச்சு அசல்' என்கிறோம். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியனவும் இச்சொல்லையே அச்சுக்கலைக்குக் கொண்டன. மலையாளத்தில் 'அச்சடி' என்பதே கலையின் பெயர்.

இதனுடன் சேரும் வினைகளும் நோக்கத்தக்கன. 'அச்சடித்தல்' என்பதிலுள்ள 'அடி' நாணயம் அடித்தலை நினைவூட்டுகிறது. கிரேக்கத்தில் 'அடி' எனப் பொருள்படும் வேரினின்றே ஆங்கிலத்தின் 'டைப்' வந்தது என்பதை நோக்க, இவ்வுருவகம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'அச்சுக் கோத்தல்' என்பதிலுள்ள 'கோ' மணியையும் மலரையும் கோப்பது. ஆங்கிலத்தில் அவ்வேலை 'ஒன்றுசேர்த்தல்', ஜெர்மானியத்தில் 'இருத்துதல்'. எழுத்தைக் கையாளும் செயல்கள் தமிழில் இவ்வாறு தமக்குரிய வினைகளைப் பெற்றன. பொறியைக் கையாளும் செயல்களுக்கு அத்தகைய வினை எதுவும் பொதுவழக்கில் இடம்பெறவில்லை. இழுத்தல், உருட்டல், மடித்தல் ஆகிய எதுவும் தமிழில் அச்சுக்கலையின் பெயராகவோ அளவாகவோ ஆகவில்லை.

இதற்கான காரணத்தை ஊகிக்கலாம். அச்சுப்பொறி தமிழ்நிலத்துக்கு முழுதாக்கப்பட்ட பொருளாகக் கப்பலில் வந்தது. தொடக்கத்தில் அது சமயப் பணிமனைகளின் உள்ளேயும் அரசு அலுவலகங்களின் உள்ளேயும் இருந்தது. எழுத்துகளோ இங்கேயே வார்க்கப்பட வேண்டியிருந்தன. வார்ப்பும் நாணயம் அடித்தலும் துணியில் அச்சுப்பதித்தலும் இந்நாட்டுக் கைவினைஞர் முன்பே அறிந்த தொழில்கள். அறிந்த தொழிலின் சொல்லே புதிய கலைக்குச் சென்றது.

இதன் விளைவை அன்றாடப் பேச்சிலும் காணலாம். 'பிரஸ்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் புகுந்தபோது அச்சகத்தையும் செய்தியாளரையும் குறித்தது, பொறியைக் குறிக்கவில்லை. பொறியை அச்சகத்தார் 'மிஷின்' என்றே கூறினர். மூலமொழியில் முதற்பொருளாக இருந்தது தமிழில் இடம்பெறாது, வழிப்பொருள்கள் மட்டும் வந்தன.

5. கூடம், சாலை, வாகனம்

19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களில் அச்சகம் மூவகையாகக் குறிக்கப்படுகிறது: அச்சுக்கூடம், முத்திராட்சரசாலை, யந்திரசாலை. முதலாவது வார்ப்பின் இடம். இரண்டாவது முத்திரை எழுத்தின் இடம். மூன்றாவது ஒன்றே பொறியின் இடம். இன்று வழங்கும் 'அச்சகம்' முதலாவதன் வழியில் வந்தது. பொறியைப் பெயரில் கொண்ட மூன்றாவது வழக்கொழிந்தது.

ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சகத்துக்கு 'வித்தியாநுபாலன யந்திரசாலை' எனப் பெயரிட்டார். பொறியின் அருமை அறிந்த நிலத்தில் எழுந்த பெயர் இது. அதே யாழ்ப்பாணத்துக்கு 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அச்சர் ஜேம்ஸ் காரெட் வந்தபோது ஆங்கிலேய அரசு அவரைத் தங்க விடவில்லை. அமெரிக்க மிஷனுக்கு மானிப்பாயில் சொந்த அச்சகம் அமைந்தது 1834இலேயே. எழுத்து இருந்தும் பொறியும் அதனை இயக்குபவரும் இல்லையெனில் நூல் இல்லை என்பதை அந்நிலம் நேரில் கண்டிருந்தது.

'யந்திரம்' என்பது வடசொல் வடிவமாயினும் 'எந்திரம்' எனத் தமிழில் மிகப் பழைய ஆட்சி உடையது. ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் அது கரும்பு பிழியும் பொறியைக் குறித்து வருகிறது. அவ்விரண்டிலும் அப்பொறி எழுப்பும் பேரொலியே பேசப்படுகிறது. ஒரிடத்தில் அவ்வொலி யானையின் பிளிறலுக்கு எதிராகக் கேட்கிறது. ஐரோப்பிய மொழிகளில் திராட்சை பிழியும் பொறியின் பெயர் அச்சுப்பொறிக்கு ஆனவாறே, தமிழிலும் கரும்பு பிழியும் பொறியின் பழம்பெயர் 'யந்திரசாலை' என்னும் சொல்லின் வழி அச்சகத்தை வந்தடைந்தது எனலாம். முனகிய பிரெஞ்சுப் பொறிக்கும் பிளிறிய தமிழ் எந்திரத்துக்கும் இடையே தொடர்பு ஏதுமில்லை; பிழியும் பொறியை மனிதர் முதலில் ஒலியாலேயே அறிகின்றனர் என்பதையே இவ்வொற்றுமை காட்டுகிறது. கரும்பாலையைக் குறித்த 'ஆலை' பஞ்சாலை, காகித ஆலை என விரிந்தபோதும் அச்சுத்தொழிலுக்கு வரவில்லை. பிழியும் பொறிக்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. அச்சுக்கு அது நிலைபெறவில்லை என்பதே செய்தி.

பொறியின் இருப்பை உணர்த்தும் மற்றொரு வழக்கு 'அச்சேறுதல்'. நூல் 'அச்சேறியது' என்பது 'அரங்கேறியது' என்பதை ஒத்த அமைப்பு. ஓலையில் இருந்த நூல் அவையில் ஏறியது பழைய முறை. மேடையொன்றின்மேல் ஏறுவது புதிய முறை. இதனை மேலும் விரித்து 'அச்சுவாகனம் ஏறுதல்' என்றும் எழுதினர். தேர்ச்சக்கரத்தின் அச்சும் அச்செழுத்தின் அச்சும் ஒலியால் ஒன்றாக நிற்பதால் அமைந்த சிலேடை அது. முன்னதை வடமொழி 'அக்ஷ' என்பதனோடு தொடர்புபடுத்துவர். திருவிழாவில் வாகனம் ஏறி ஊர்மக்களிடம் வரும் இறைவனைப் போல நூல் வருகிறது என்னும் கருத்து அதிலுள்ளது. பொறிக்குப் பெயரிடாத மொழி, அதனை ஓர் ஊர்தியாகக் கண்டு நிறைவடைந்தது.

6. பதிப்பு, படி, பாரம்

மேற்கூறியவை சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியன அல்ல. நூலாய்வில் நேரும் குழப்பங்களுக்கும் இவையே காரணம். மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 'பதிப்பு'. பதித்தல் என்பது அழுந்தச் செய்தல். நேர்ப்பொருளில் பதிப்பு என்பது ஒருமுறை அச்சுப் பதிந்தமை. ஆனால் தமிழில் அது நூலாசிரியர் அல்லது ஆய்வாளர் செம்மைசெய்து வெளியிட்ட வடிவத்தையும் குறிக்கிறது. ஆங்கில நூலாய்வில் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருமுறை கோத்த எழுத்திலிருந்து அச்சான படிகள் அனைத்தும் ஒரு வகை; அவற்றுள் ஒரே தடவையில் பொறியேறியவை அதன் உட்பிரிவு. கையச்சுக் காலத்தில் ஒரு பாரம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் இட்டுவிடுவர். அடுத்த பாரத்துக்கு அவை வேண்டும். எனவே அந்நூல் மறுபடி அச்சானால் எழுத்துகளைப் புதிதாகவே கோக்கவேண்டும். புதிதாகக் கோத்தால் புதிய பிழைகளும் சில வேளைகளில் புதிய பாடங்களும் நுழையும். பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொள்ளும் முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பியவரும் அதே ஸ்டான்ஹோப் பிரபுவே. அம்முறையைக் கையாளாத அச்சகத்தின் 'இரண்டாம் பதிப்பு' என்பது திருத்தம் ஏதும் அறிவிக்கப்படாத போதும் புதியதொரு கோப்பாகும். பாடவேறுபாடு காண்போர் முதற் பதிப்பையும் இரண்டாம் பதிப்பையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றை மட்டும் ஒப்பிடுதல் இதனால் பொருந்தாது.

இரண்டாவது 'படி'. அச்சான நூலின் எண்ணிக்கையைப் 'படி' அல்லது 'பிரதி' என எண்ணுகிறோம். இரண்டும் சுவடியைப் பார்த்து எழுதும் மரபிலிருந்து வந்தவை. ஐரோப்பிய மொழிகள் தோளின் இழுப்பால் எண்ணியதைத் தமிழ் எழுதுவோன் கையின் படியெடுப்பால் எண்ணிற்று. ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து வந்த படிகள் ஒன்றற்கொன்று வேறுபடமாட்டா என்னும் நம்பிக்கையும் உண்மையன்று. கையச்சில் அச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பிழை கண்டு நிறுத்தித் திருத்தித் தொடர்வது உண்டு. முன்னரே அச்சான தாள்களை எறிவதில்லை. ஆகவே ஒரே பதிப்பின் இரு படிகள் சிற்சில இடங்களில் வேறுபடலாம். 'படி' என்னும் சுவடிச் சொல் இவ்வகையில் பொறிச்சொல்லைவிடப் பொருத்தமாகவும் அமைகிறது.

மூன்றாவது 'பாரம்'. ஒரே தாளில் ஒருங்கே அச்சாகும் பக்கங்களின் தொகுதியைத் தமிழ் அச்சகத்தார் 'பாரம்' என்பர். 16 பக்கம் கொண்டது ஒரு பாரம் எனக் கணக்கிடுவது பதிப்பகங்களில் இன்றும் உள்ள வழக்கு. வடிவம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து இவ்வாறு திரிந்தது. சுமையைக் குறிக்கும் 'பாரம்' முன்பே தமிழில் இருந்தமையால் இச்சொல் அயன்மை தோன்றாமல் அமைந்துவிட்டது. ஈயக்கலவை எழுத்துகள் நிறைந்த இரும்புச் சட்டத்தைத் தூக்கிப் பொறிமேடையில் வைத்தவருக்கு அது சுமை என்னும் பொருளும் பொய்யாயிராது. நாட்டார் சொற்பொருள் விளக்கம் தொழிலின் உண்மையோடு ஒத்துப்போன அரிய இடம் இது.

7. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

அச்சு வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்வது 'அச்சு' என்னும் ஒரு சொல்லே எழுத்து, பொறி, செயல், விளைவு ஆகிய நான்கையும் குறித்து நிற்றல். 'பழைய அச்சு' என்றால் பழைய எழுத்துருவா, பழைய பொறியா, பழைய வெளியீடா என்பது விளங்காது. அச்செழுத்து, அச்சுப்பொறி, அச்சிடல், அச்சுப்படி எனப் பிரித்து ஆளுதல் இங்கு இன்றியமையாதது. கையால் இயங்கும் பொறியைக் 'கையச்சுப் பொறி' என முழுமையாகவே கூறுதல் நலம். 'கையச்சு' என மட்டும் கூறின் மரக்கட்டையால் துணியில் அச்சிடுதல் என்றும் பொருள்படும்.

இரண்டாவது, பொறிகளின் பெயர்கள். 'கொலம்பியன்' என்பது தென் அமெரிக்க நாடான கொலம்பியாவைச் சார்ந்ததன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டுக்கு வழங்கிய கவிதைப்பெயரிலிருந்து வந்தது. 'ஆல்பியன்' பிரிட்டனின் பழம்பெயர். 'கொலம்பிய நாட்டு அச்சு' என மொழிபெயர்த்தால் வரலாறு திரியும்.

மூன்றாவது, இழுத்தலைக் குறிக்கும் சொற்கள். மூலநூலில் ஒரு பொறி 'ஒரே இழுப்பில்' தாளை அச்சிட்டது என்றிருப்பின் அதனை 'ஒரே தடவையில்' எனப் பொதுப்பட எழுதுதல் ஆகாது. மரப்பொறிக்கும் இரும்புப் பொறிக்கும் உள்ள முதன்மை வேறுபாடே அவ்வெண்ணில் அடங்கியுள்ளது. செய்தித்தாளின் 'இழுப்பு' எனப் பிரெஞ்சு நூலில் வருமாயின் அங்கே 'அச்சான படிகளின் எண்ணிக்கை' என்பதே உரிய தமிழாகும். முன்னது பொறியின் செயல். பின்னது அச்செயலின் நினைவு மங்கிய சொல். ஒரே சொல் இருவேறு காலங்களில் இருவேறு மொழிபெயர்ப்பை வேண்டுகிறது.

நான்காவது, உறுப்புப் பெயர்கள். தோல் போர்த்திய மடிப்புச் சட்டத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் முரசின் தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இதற்கு 'முரசம்' எனச் சொல்லுக்குச் சொல் படைப்பின் படிப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. உறுப்பின் வேலையை உரைக்கும் தொடரே தக்கது. கலைச்சொல்லாக்கம் அகராதியிலிருந்து அகராதிக்குச் செல்லாமல் பொறியின் முன் நின்று செய்யப்படவேண்டியது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

8. முடிவுரை

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் கணினிவழி எழுத்துக்கோப்பும் ஆஃப்செட் அச்சும் பரவியபின், ஈய எழுத்தை நம்பிய அச்சகங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. இரும்புக் கையச்சுப் பொறிகள் அதற்கு முன்பே மெய்ப்பு எடுக்கும் வேலைக்கு ஒதுங்கி, பின்னர்ப் பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்பட்டன. எஞ்சியவை சில காட்சிக்கூடங்களில் உள்ளன. கேஸ், ஸ்டிக், கேலி, ரோலர், டிரெடில், மிஷின்மேன் என அத்தொழிலாளர் நாவில் வழங்கிய சொற்கள் அவர்களோடு மறைந்துவருகின்றன. இவற்றுட் பல ஆங்கிலக் கடன் என்பதனால் அகராதியாசிரியர் இவற்றைப் புறக்கணித்தனர். ஆனால் 'பாரம்' போன்ற சொல் காட்டுவதுபோல், கடன்சொல் தொழிலாளியின் நாவில் புதிய பொருளும் புதிய உறவும் பெறுகிறது. அதுவும் தமிழின் வரலாறே.

பழந்தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் நூலாசிரியர், பரிசோதித்தவர், பொருளுதவியவர், அச்சகம் ஆகிய பெயர்கள் காணப்படும். 'பதிப்பிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினையில் முடியும் அவ்வறிவிப்பில் கைப்பிடியை இழுத்தவருக்கு இடமில்லை. அவருடைய பெயரை இனி மீட்பது அரிது. அவர் ஆண்ட சொற்களை மீட்க இன்னும் வாய்ப்புண்டு. ஈய எழுத்தில் பணியாற்றி இன்று முதுமையில் உள்ளோரைக் கண்டு, பொறியின் உறுப்புகள், செயல்கள், அளவுகள், பிழைகள் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணி. நெசவு, உழவு, மீன்பிடிப்பு ஆகிய தொழில்களின் சொற்கள் களஆய்வால் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ் நூல்கள் அனைத்தையும் நம் கைக்குக் கொண்டுவந்த தொழிலின் சொற்களுக்கும் அத்தகைய தொகுப்பு ஒன்று வேண்டும். அது அமைந்தால் அச்சு வரலாற்று மொழிபெயர்ப்புக்குத் தக்க கருவியும், பதிப்பாய்வுக்கு உறுதியான அடிப்படையும் ஒருங்கே கிடைக்கும்.